பிள்ளைக்குப் பெயர்: சொந்தபந்தம் என்ன நினைக்கும்? (ஜும்ஆ பயான்)

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால் பள்ளிவாசல் ஹஸ்ரத்துக்கு இரண்டு போன் வரும். முதல் போன், குழந்தையின் காதில் பாங்கு சொல்ல. இரண்டாவது போன் நாலைந்து நாள் கழித்து வரும். "ஹஸ்ரத், இந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்? வைக்கலாமா?" என்று கேட்பார்கள். அர்த்தத்தைச் சொன்ன பிறகும் போனை வைக்க மாட்டார்கள். கொஞ்சம் மௌனம். பிறகுதான் உண்மையான கேள்வி வரும். "எங்க அம்மா வேற பேரு சொல்றாங்க ஹஸ்ரத். அத்தா பேரை வைக்கணுமாம். வீட்டுக்காரிக்கு அந்தப் பேரு பிடிக்கல. அவங்க வீட்டுல ஒரு பேரு சொல்றாங்க. எதை வச்சாலும் ஒருத்தர் முகத்தைத் திருப்பிக்குவாங்க. நான் என்ன செய்யறது?"

இது சின்ன விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பெயர் விவகாரத்தில் தொடங்கிய மனத்தாங்கல் அகீகா விருந்துக்கு வராமல் போய், அடுத்த பெருநாளுக்கு வராமல் போய், வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லாமல் நிற்கிற வீடுகள் உண்டு. இன்னொரு பக்கம், எல்லாரையும் திருப்திப்படுத்தப் போய் ஒரு பெயரை வைத்துவிட்டு, அதை வாழ்நாள் முழுவதும் சுமக்கப்போகிற பிள்ளையை யாருமே நினைத்துப் பார்க்காத வீடுகளும் உண்டு. அதனால் இன்றைக்கு இதைப் பற்றியே பேசுவோம்.

முதலில் குர்ஆனுக்குப் போவோம். ஆலு இம்ரான் அத்தியாயத்தில் இம்ரானுடைய மனைவியின் சம்பவம் வருகிறது. வயிற்றில் இருக்கும் பிள்ளையை பைத்துல் முகத்தஸின் பணிக்கென்று நேர்ச்சை செய்துவிட்டார்கள். அந்தப் பணிக்கு ஆண் பிள்ளைகளைத்தான் விடுவது வழக்கம். பிறந்ததோ பெண். அந்தத் தாயின் மனநிலையை யோசித்துப் பாருங்கள். ஊருக்குச் சொல்லியாயிற்று, எதிர்பார்ப்பு வளர்ந்தாயிற்று, இப்போது கையில் ஒரு பெண் குழந்தை. அல்லாஹ்விடமே தன் மனக்குறையைச் சொல்கிறார்கள். ஆனால் அடுத்த மூச்சிலேயே, அவளுக்கு மர்யம் என்று தான் பெயர் வைத்துவிட்டதாகச் சொல்லி, அவளையும் அவள் சந்ததியையும் ஷைத்தானிடமிருந்து காக்கும்படி துஆ செய்கிறார்கள். பெயரும் துஆவும் ஒரே ஆயத்தில் சேர்ந்து வருகின்றன. யார் என்ன சொல்வார்கள் என்பது அங்கே வரவே இல்லை. பெயர் வைத்தது தாய் என்பதையும் கவனியுங்கள். பெயர் வைப்பதில் பொம்பளைக்கு என்ன வேலை என்று கேட்கிறவர்கள் இந்த 36-வது ஆயத்தை ஒரு முறை ஓதிப் பார்க்கட்டும்.

அடுத்து ஜகரிய்யா (அலை) அவர்கள். தள்ளாத வயதில் ஒரு பிள்ளை. பெயரை அல்லாஹ்வே வைத்து அனுப்புகிறான்: யஹ்யா. அதற்கு முன் அந்தப் பெயரில் யாரையும் தான் ஆக்கியதில்லை என்றும் மர்யம் அத்தியாயத்தில் சொல்கிறான். குடும்பத்தில் இல்லாத பெயர், ஊரிலும் இல்லாத பெயர். கிறிஸ்தவ சகோதரர்களிடம் உள்ள லூக்கா சுவிசேஷத்தில் இந்தச் சம்பவம் இன்னும் கொஞ்சம் விரிவாக வருகிறது. அக்கம்பக்கத்தாரும் உறவினரும் கூடி, பிள்ளைக்குத் தகப்பன் பெயரையே வைக்க வேண்டும் என்றார்களாம். தாய் மறுத்தபோது, உன் சொந்தத்தில் இந்தப் பெயர் யாருக்கும் இல்லையே என்று வாதம் செய்தார்களாம். அவர்கள் வேதத்தில் உள்ளதை நாம் உறுதிப்படுத்துவதும் இல்லை, பொய்ப்பிப்பதும் இல்லை. ஆனால் உறவினர்களின் இந்த வாதம் நேற்றைக்கு ஆரணியில் பேசியது போலவே இருக்கிறது, இல்லையா?

சரி, நபி (ஸல்) அவர்கள் காலத்து மதீனாவில் இப்படி ஒரு பிரச்சினை வந்ததா? வந்தது. ஜாபிர் (ரலி) அறிவித்து புகாரியில் பதிவாகியிருக்கிறது. அன்ஸாரிகளில் ஒருவருக்கு ஆண் குழந்தை பிறந்தது. காஸிம் என்று பெயர் வைத்தார். அரபுகளின் வழக்கப்படி, மூத்த மகன் பெயரை வைத்துத் தகப்பனை 'அபூ இன்னார்' என்று கூப்பிடுவார்கள். அப்படியானால் இவர் அபுல் காஸிம் ஆகிவிடுவார். அதுவோ நபி (ஸல்) அவர்களின் குறிப்புப் பெயர். சொந்தக்காரர்களான அன்ஸாரிகள் ஒரே குரலில், உன்னை அப்படிக் கூப்பிட மாட்டோம், அந்தச் சந்தோஷத்தை உனக்குத் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பெயர் வைத்த தகப்பனுக்கு எப்படி இருந்திருக்கும்?

அவர் சண்டைக்குப் போகவில்லை, முறுக்கிக்கொண்டு வீட்டில் உட்காரவும் இல்லை. நேராக நபி (ஸல்) அவர்களிடம் வந்து நடந்ததைச் சொன்னார். நபியவர்கள், மகனுக்கு அப்துர் ரஹ்மான் என்று பெயர் வைக்கச் சொன்னார்கள். இன்னொரு அறிவிப்பில், அன்ஸாரிகள் செய்தது நல்லதுதான் என்றும், தம் பெயரை வைத்துக்கொள்ளலாம், தம் குறிப்புப் பெயரை வைத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொன்னதாக வருகிறது. இங்கே உறவினர்களின் ஆட்சேபணைக்கு நியாயமான காரணம் இருந்தது. அதனால் அது ஏற்கப்பட்டது. ஆக, சொந்தக்காரர்கள் பேசினாலே அது குறுக்கீடு என்று தள்ளிவிடவும் கூடாது. என்ன காரணம் சொல்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான சம்பவம் ஒன்றும் புகாரியிலேயே இருக்கிறது. தாபிஈன்களில் மதீனாவின் பெரிய அறிஞர் ஸயீத் பின் முஸய்யப் (ரஹ்) அவர்களுடைய பாட்டனார் நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். பெயரைக் கேட்டார்கள். 'ஹஸ்ன்' என்றார். கரடுமுரடான நிலம் என்று பொருள். நபியவர்கள் அதை 'ஸஹ்ல்' என்று மாற்றச் சொன்னார்கள். சமமான, இலகுவான நிலம் என்று பொருள். அவரோ, தம் தந்தை இட்ட பெயரைத் தாம் மாற்றப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். நபியவர்கள் வற்புறுத்தவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கரடுமுரடு எங்கள் குடும்பத்தை விட்டுப் போகவே இல்லை என்று பேரனார் ஸயீத் அவர்களே பின்னாளில் சொன்னார்கள். அத்தா வைத்த பெயர் என்கிற பாசம் இருக்கிறதே, அது அந்தக் காலத்திலும் இவ்வளவு அழுத்தமாக இருந்திருக்கிறது.

(இங்கே ஒரு சின்ன விஷயம். தமிழில் எழுதும்போது 'ஹஸ்ன்' என்பதும் 'ஹஸன்' என்பதும் கிட்டத்தட்ட ஒன்றாகத் தெரியும். அரபியில் எழுத்தே வேறு. ஹஸன் என்றால் அழகானவர், அது நபியவர்களின் பேரர் பெயர். தமிழ் எழுத்தை மட்டும் பார்த்து அர்த்தம் தேடாதீர்கள். அரபி தெரிந்த ஓர் ஆலிமிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.)

அப்படியானால் தாதா, நானா பெயரைப் பேரப்பிள்ளைக்கு வைப்பது தவறா? தவறே இல்லை. நஜ்ரான் வாசிகள் முகீரா (ரலி) அவர்களிடம், மர்யமைக் குர்ஆன் ஹாரூனின் சகோதரி என்று சொல்கிறதே, மூஸா நபியின் சகோதரர் ஹாரூன் எவ்வளவோ காலத்துக்கு முந்தியவராயிற்றே என்று கேட்டார்கள். நபி (ஸல்) அவர்களிடம் திரும்பி வந்து விவரம் கேட்டபோது, அந்த மக்கள் தங்களுக்கு முன் வாழ்ந்த நபிமார்கள், நல்லோர்களின் பெயர்களைச் சூட்டிக்கொள்வது வழக்கம் என்று விளக்கினார்கள். முஸ்லிமில் இருக்கிறது. நபியவர்களே தமக்கு மாரியா (ரலி) மூலம் பிறந்த மகனுக்கு, தம் மூதாதையரான இப்ராஹீம் நபியின் பெயரை வைத்தார்கள். நல்ல பொருளுள்ள பெயராக இருந்தால், இறந்துபோன பெரியவரின் நினைவாக வைப்பதில் தடை ஏதும் இல்லை. பெரியவரின் பெயரில் பொருள் சரியில்லை என்றால் மட்டும்தான் யோசிக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெயர் அரபியாகத்தான் இருக்க வேண்டும் என்றும் சட்டம் இல்லை. இப்ராஹீம், இஸ்மாயீல், மூஸா எல்லாம் மூலத்தில் அரபுப் பெயர்கள் அல்ல. உமர், உஸ்மான், காலித் என்ற பெயர்களெல்லாம் அவர்கள் இஸ்லாத்துக்கு வரும் முன்பே வைக்கப்பட்டவை. யாரையும் பெயரை மாற்று என்று நபியவர்கள் சொல்லவில்லை, பொருள் கெட்டிருந்தால் தவிர. ஆரணி, வேலூர், ஆற்காடு பக்கத்தில் உருது பேசும் வீடும் தமிழ் பேசும் வீடும் சம்பந்தம் செய்கிறோம். ஒரு வீட்டில் அத்தா, இன்னொரு வீட்டில் அப்பா. ஒரு வீட்டில் பாஷா, ஜான், பேகம் என்று முடிய வேண்டும். இன்னொரு வீட்டில் முஹம்மது என்று தொடங்க வேண்டும். இதெல்லாம் வழக்கம், மார்க்கச் சட்டம் இல்லை. வழக்கத்துக்காக விட்டுக்கொடுக்கலாம், வழக்கத்துக்காகச் சண்டை போட வேண்டியதில்லை. 'மார்க்கத்தில் இப்படித்தான்' என்று தன் வீட்டு வழக்கத்துக்கு முத்திரை குத்துவதுதான் பெரிய தவறு.

தமிழ்நாட்டில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. தகப்பன் பெயர் பிள்ளையின் பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்தாக நின்றுவிடுகிறது. நம் முன்னாள் குடியரசுத் தலைவரின் முழுப் பெயரைச் சொல்லிப் பாருங்கள்: ஆவுல் பக்கீர் ஜைனுலாப்தீன் அப்துல் கலாம். ஜைனுலாப்தீன் தகப்பனார் பெயர். அதற்கு முன்னால் உள்ளவை அதற்கும் முந்திய தலைமுறைகளின் பெயர்கள். ராமேஸ்வரத்துக் குடும்பம் ஒன்று தன் பெரியவர்களை இப்படிச் சுமந்துகொண்டே ராஷ்டிரபதி பவன் வரை போயிருக்கிறது. பெரியவரை மறக்கக் கூடாது என்பதுதான் உங்கள் அம்மாவின் கவலை என்றால், அதற்கு வழி ஒன்று மட்டும் இல்லை. பேரனுக்கு அவர் பெயரை வைக்கவில்லை என்றாலும், அவர் பெயரில் ஒரு தண்ணீர்ப் பந்தல் வைக்கலாம், அவருக்காக ஸதகா செய்யலாம், துஆ செய்யலாம். இதை அம்மாவிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

எல்லாரையும் திருப்திப்படுத்த மூன்று பெயரைச் சேர்த்து வைக்கிற வழக்கமும் வந்திருக்கிறது. தாதா பெயர் ஒன்று, நானா பெயர் ஒன்று, தாங்கள் ஆசைப்பட்டது ஒன்று. கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பரீட்சை விண்ணப்பத்தில் கட்டம் போதாமல் அந்தப் பிள்ளை திண்டாடும்போது தாதாவும் வர மாட்டார், நானாவும் வர மாட்டார்.

இப்போது கொஞ்சம் கனமான விஷயத்துக்கு வருகிறேன்.

பெண் குழந்தை பிறந்த செய்தி கேட்டதும் முகம் கறுத்துப்போகிற ஒருவனைப் பற்றி அந்நஹ்ல் அத்தியாயத்தில் அல்லாஹ் சொல்கிறான். அவன் துக்கத்தை விழுங்கிக்கொண்டு, வந்த செய்தியின் கேவலத்தால் மக்களின் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்கிறான். மக்களின் கண்ணில் படாமல் என்ற இடத்தைக் கவனியுங்கள். அவனுக்குப் பிள்ளை மேல் பகை என்பதை விட, ஊர் என்ன சொல்லும் என்ற வெட்கம்தான் பெரிதாக இருந்தது. அந்த வெட்கம்தான் உயிரோடு புதைக்கிற அளவுக்குப் போனது.

இன்றைக்கு யாரும் புதைப்பதில்லை. ஆனால் பெயரில் புதைப்பது உண்டு. நம் பக்கத்து மாவட்டங்களில் 'போதும்பொண்ணு', 'வேண்டாம்' என்று பெண்களுக்குப் பெயர் வைத்ததை நீங்களே கேள்விப்பட்டிருப்பீர்கள். திருத்தணி பக்கத்தில் நாராயணபுரம் என்ற கிராமத்தில் 'வேண்டாம்' என்ற பெயர் பல பெண்களுக்கு உண்டு என்று பத்திரிகைகளில் செய்தி வந்தது. அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்ற நம்பிக்கை. மஹாராஷ்டிராவில் இதே அர்த்தத்தில் 'நகுஷி' என்று வைப்பார்கள். 2011 அக்டோபரில் ஸதாரா மாவட்டத்தில் அப்படிப் பெயர் வைக்கப்பட்ட 285 பெண் பிள்ளைகளை அரசாங்கமே ஒன்று கூட்டி, அவரவர் விரும்பிய புதுப் பெயரைக் கொடுத்து, சான்றிதழும் பூங்கொத்தும் கொடுத்து அனுப்பியது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வருகைப் பதிவு எடுக்கும்போது, தினமும் காலையில், 'வேண்டாம்' என்று கூப்பிட்டு அந்தப் பிள்ளை எழுந்து நின்று 'உள்ளேன்' என்று சொல்ல வேண்டும். நினைத்துப் பாருங்கள்.

நபி (ஸல்) அவர்கள் 'ஆஸியா' என்ற பெண்ணின் பெயரை 'ஜமீலா' என்று மாற்றினார்கள் என்று முஸ்லிமில் வருகிறது. (ஃபிர்அவ்னின் மனைவி ஆஸியா வேறு, எழுத்தும் வேறு. இது மாறு செய்பவள் என்ற பொருள் தரும் பெயர்.) மாறு செய்பவள் அழகானவள் ஆனாள். ஸதாராவில் நடந்ததற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மதீனாவில் அது நடந்தது. நம் வீடுகளில் 'வேண்டாம்' என்று பெயர் வைப்பதில்லை என்று பெருமைப்படுவோம். ஆனால் மூன்றாவதும் பெண் என்றால் பெயர் தேடுவதில் ஆர்வமே இருக்காது. "ஏதாவது ஒன்னு வைங்க ஹஸ்ரத்" என்று போனில் சொல்கிற குரல் எனக்குத் தெரியும். முதல் பையனுக்கு மூன்று வாரம் தேடிய அதே தகப்பன்தான். சொந்தக்காரர்கள் அனுதாபத்தோடு வந்து போகிறார்கள் என்பதற்காக நீங்கள் உங்கள் மகளிடம் இப்படி நடக்கலாமா?

பெயர் தேடும் முறை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமான பெயர்கள் அப்துல்லாஹ், அப்துர் ரஹ்மான் என்பது ஆதாரப்பூர்வமான ஹதீஸ். அப்துர் ரஹ்மான், அப்துர் ரஜ்ஜாக் என்று வைத்துவிட்டு, 'அப்து' என்பதை விட்டு வெறுமனே ரஹ்மான், ரஜாக் என்று கூப்பிடுவது நல்லதல்ல. அது அல்லாஹ்வுக்கே உரிய பெயர். மன்னாதி மன்னன் என்ற பொருள்படும் பெயரை நபியவர்கள் மிகக் கடுமையாகக் கண்டித்திருக்கிறார்கள். ஷாஹான்ஷா என்பது இதுதான் என்று அறிவிப்பாளர் ஸுஃப்யான் விளக்கமும் சொல்லியிருக்கிறார். தன்னைத் தானே புகழ்வது போல் இருந்த 'பர்ரா' என்ற பெயரை ஜைனப் என்று மாற்றினார்கள். போனில் தேடினால் வருகிற பட்டியல்களில் பாதிக்கு அர்த்தம் சரியில்லை. குர்ஆனில் இருக்கிற வார்த்தை என்பது மட்டும் போதாது. ஃபிர்அவ்ன், ஹாமான், காரூன் எல்லாரும் குர்ஆனில்தான் இருக்கிறார்கள். பிறந்த நட்சத்திரத்துக்கு இந்த எழுத்து, எண் கணிதத்தில் கூட்டுத்தொகை இவ்வளவு வர வேண்டும் என்று எழுத்தைக் கூட்டிக் குறைப்பது நம்மிலும் நுழைந்திருக்கிறது. ஒரு எழுத்தைக் கூடுதலாகச் சேர்ப்பதால் ரிஜ்க் கூடும் என்று நம்புவதற்கு மார்க்கத்தில் இடமே இல்லை.

ஏழாம் நாள் அகீகா கொடுத்து, தலைமுடி இறக்கி, பெயர் வைப்பது ஸுன்னத். பிறந்த அன்றே வைப்பதற்கும் ஆதாரம் உண்டு. இன்னும் முடிவாகவில்லை என்றால் பதற வேண்டாம். நாட்டுச் சட்டத்திலும் அவகாசம் இருக்கிறது. பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். பெயர் இல்லாமலும் பதியலாம். பெயரை 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், பாஸ்போர்ட், வாக்காளர் பட்டியல் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் அடிப்படை ஆவணம். அதனால் மாமியார் வீட்டுக்கு ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர் என்று வைக்காதீர்கள். முஹம்மது என்பதை ஆங்கிலத்தில் ஐந்தாறு விதமாக எழுதுகிறோம். ஒன்றை முடிவு செய்து எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள். பின்னால் மாற்ற வேண்டுமென்றால் அரசிதழ் வரை போக வேண்டியிருக்கும்.

கடைசியாக, யார் முடிவு செய்வது? தாய்க்கும் தகப்பனுக்கும் கருத்து வேறுபாடு வந்தால் தகப்பனுக்கே உரிமை என்று இப்னுல் கய்யிம் (ரஹ்) போன்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்த உரிமையை எடுத்துக்கொண்டு ஓடிவிடாதீர்கள். பிள்ளைக்குப் பால் மறக்கடிப்பதற்கே தாயும் தகப்பனும் கலந்து பேசி, இருவரும் சம்மதித்துச் செய்ய வேண்டும் என்று பகரா அத்தியாயத்தில் அல்லாஹ் சொல்கிறான். பத்து மாதம் சுமந்தவளைக் கேட்காமல் பெயர் வைப்பது எந்த நியாயம்? தாதி, நானி, மாமா, புப்பி எல்லாரும் யோசனை சொல்லலாம். முடிவு பெற்றவர்களுடையது.

இங்கே இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. மக்களின் கோபத்தைப் பார்க்காமல் அல்லாஹ்வின் பொருத்தத்தைத் தேட வேண்டும் என்று ஹதீஸ் இருக்கிறது, அதனால் அம்மா பேச்சைக் கேட்க மாட்டேன் என்று சிலர் ஆரம்பித்துவிடுகிறார்கள். அந்த ஹதீஸ் அல்லாஹ்வுக்கு மாறு செய்யும் விஷயத்துக்கு. அம்மா சொல்லும் பெயரும் நல்ல பெயர், நீங்கள் சொல்வதும் நல்ல பெயர் என்றால் அங்கே அல்லாஹ்வின் கோபம் எங்கே வந்தது? அது உங்கள் ஆசைக்கும் அவர்கள் ஆசைக்கும் இடையில் உள்ள விஷயம். விட்டுக்கொடுத்தால் நன்மை. விட்டுக்கொடுக்க முடியவில்லை என்றால், சொல்கிற முறையில் கவனம் வேண்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டோவோடு பெயரை அறிவித்துவிட்டு, அதைப் பார்த்து அம்மா தெரிந்துகொள்கிற நிலைமையை வைக்காதீர்கள். நேரில் போய், பக்கத்தில் உட்கார்ந்து, முதல் ஆளாக அவர்களிடம் சொல்லுங்கள். ஏன் இந்தப் பெயர் என்று சொல்லுங்கள். பிள்ளையை அவர்கள் மடியில் கொடுத்து, அவர்கள் வாயால் முதல் முறை அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடச் செய்யுங்கள்.

தறிக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு பாவு முடிந்து அடுத்த பாவு ஏறும்போது, பழைய இழையின் நுனியோடு புது இழையை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்கிறீர்கள். எத்தனை ஆயிரம் இழை! பொறுமையாக உட்கார்ந்து செய்கிறீர்கள். வீட்டுப் பெரியவர்களிடம் அதில் பத்தில் ஒரு பங்கு பொறுமை காட்டினால் முக்கால்வாசிச் சண்டை வராது.

பெரியவர்களே, உங்களுக்கும் ஒன்று. பேரனுக்கு நீங்கள் சொன்ன பெயரை வைக்கவில்லை என்று அகீகாவுக்கு வராமல் இருந்துவிடாதீர்கள். அந்த அன்ஸாரித் தோழர்கள் பெயரை ஆட்சேபித்தார்கள், உறவை வெட்டவில்லை. பதிலுக்குப் பதில் செய்கிறவர் உறவைச் சேர்ப்பவர் ஆக மாட்டார், அறுந்த உறவைச் சேர்ப்பவரே உறவைச் சேர்ப்பவர் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னது புகாரியில் இருக்கிறது. வைத்த பெயரை வாய் நிறையச் சொல்லிக் கூப்பிடுங்கள். பிடிக்காத பெயரைச் சுருக்கியும் திரித்தும், வேறு பட்டப்பெயர் வைத்தும் கூப்பிடுவதை ஹுஜுராத் அத்தியாயத்தில் அல்லாஹ் தடுத்திருக்கிறான். தொட்டிலில் கிடக்கிற பிள்ளையும் அதில் அடக்கம்.

இந்த வாரம் நம் மஹல்லாவில் குழந்தை பிறந்திருக்கும் குடும்பத்தார், பெயர் விஷயமாகப் பேச வேண்டுமென்றால் அஸருக்குப் பிறகு வாருங்கள். தனியாக வராதீர்கள், முடிந்தால் உங்கள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளை எங்கள் கண்குளிர்ச்சியாக ஆக்கி வைப்பாயாக. பிள்ளைக்காக ஏங்கும் குடும்பங்களுக்கு ஸாலிஹான சந்ததியைத் தருவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹூ.